ஜெலிக்குள் ஒளிந்த மது: ஓர் அடுக்குக் கிண்ணத்தின் வரலாறு

மேற்குலக விருந்துகளில் கடந்த சில பத்தாண்டுகளாகத் தவறாது தலைகாட்டும் பண்டம் ஒன்று உண்டு. ஜெலி ஷொட் என்பது அதன் பெயர். வொட்கா, ரம் போன்ற மதுவகை ஒன்றைக் கலந்த ஜெலியைக் கட்டைவிரல் உயரமுள்ள சிறு கிண்ணங்களில் உறையவைத்துப் பரிமாறுவார்கள். கைதேர்ந்தவர்கள் செய்தால் அது ஒரே நிறத்தில் இராது. அடியில் சிவப்பு, அதன்மேல் செம்மஞ்சள், உச்சியில் பாலின் வெண்மை என்று அடுக்கடுக்காக நிற்கும். புகழ்பெற்ற கொக்டெயில்களின் சுவையையும் நிறத்தையும் ஜெலியில் கொண்டுவருவது இப்போது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. 2011ஆம் ஆண்டில் மிஷெல் பாம் என்னும் அமெரிக்கப் பெண்மணி இதற்கென்றே ஒரு நூலை வெளியிட்டார்.

இளைஞர்களின் கேளிக்கைப் பண்டத்துக்கு என்ன வரலாறு வேண்டிக்கிடக்கிறது என்று வாசகர்கள் சிலர் வினவக்கூடும். வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு உரியவர்களின் பெயரால் சொல்லப்படுவதில்லை என்பதுதான் குறை.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமது 97ஆவது வயதில் காலமான டொம் லெஹ்ரர், அமெரிக்காவின் அங்கதப் பாடகர். அத்துடன் கணித விரிவுரையாளர். 1955 முதல் 1957 வரை அவர் அமெரிக்க இராணுவத்தில் சேர்க்கப்பட்டு, தேசிய பாதுகாப்பு முகவரகத்தில் பணியாற்றினார். தளத்தினுள் மதுபானங்களுக்குத் தடை இருந்தது. விருந்து ஒன்று வந்தது. தடைசெய்யப்பட்டது பானம்தானே, ஜெலி பானமல்லவே என்று சிந்தித்த லெஹ்ரர், நட்பு வட்டத்தில் ஒருவருடன் சேர்ந்து ஒரு மாலைப்பொழுது முழுவதும் பரிசோதனை செய்து பார்த்தார். தோடம்பழச் சுவையுள்ள ஜெலியும் வொட்காவும் சேர்ந்ததே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். வாயிற் காவலர் கேட்டால் ஜெலி என்று சொல்வதற்கு ஆயத்தமாகச் சென்றபோது, காவலர் எதையுமே கேட்கவில்லையாம். லெஹ்ரரே பிற்காலத்தில் செவ்வியொன்றில் சுவையாக விவரித்த சம்பவம் இது. சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு அதன் பொருளைக் கைவிடும் இந்தச் சாமர்த்தியம் நமது அரசியல்வாதிகளுக்கும் புதியதல்ல.

சம்பவம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதனைப் பிடித்துக்கொண்டு, ஜெலி ஷொட்டைக் கண்டுபிடித்தவரே லெஹ்ரர்தான் என்று எழுதுகிறார்களே, அங்கேதான் இடறுகிறது. பத்திரிகை ஆசிரியபீடங்களில் பழகியவர்களுக்கு 'முதன்முதலாக' என்ற சொல்லைக் கண்டால் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடும். இந்த விடயத்திலும் அது வீண்போகவில்லை.

1862ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஜெரி தொமஸ் என்னும் புகழ்பெற்ற மதுக்கலவையாளர் ஒரு நூலை வெளியிட்டார். மதுக்கலவைகள் பற்றி அமெரிக்காவில் வெளிவந்த ஆரம்ப நூல்களில் தலையாயது அது. அதிலே 'பஞ்ச் ஜெலி' என்னும் குறிப்பு உண்டு. எலுமிச்சை, பிராந்தி, ரம் ஆகியவை சேர்ந்த பஞ்சை முதலில் தயாரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பைந்து அளவுக்கும் ஒன்றரை அவுன்ஸ் ஐசிங்கிளாஸை நீரிற் கரைத்துச் சூட்டோடு சேர்த்து, அச்சுகளில் ஊற்றி, உறையும்வரை அசைக்காது வைக்க வேண்டும். ஐசிங்கிளாஸ் என்பது மீனின் காற்றுப்பையை உலர்த்திப் பெறப்படும், ஜெலட்டினை ஒத்த பொருள். லெஹ்ரர் இராணுவத்தில் சேர்வதற்கு 93 ஆண்டுகளுக்கு முன்னரே மது கலந்த ஜெலிக்கு அச்சேறிய குறிப்பு இருந்திருக்கிறது.

தொமஸ் அத்துடன் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்திருந்தார். குளிர்ந்த இரவுக்கு இது இதமானது. ஆனால் அளவோடு கொள்ள வேண்டும். மதுவின் வலிமையை ஜெலி மறைத்துவிடுவதால் பலரும், குறிப்பாகப் பெண்கள், அளவின்றி உண்டுவிட்டு விருந்துக்குப் பின்னரான நடனத்துக்கு நிற்க இயலாதவர்களாகி விடுகிறார்கள் என்பது அதன் சாரம். பெண்களை மட்டும் தனியாகச் சுட்டியது அக்காலத்து ஆண்களின் வழக்கம். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்துகிறது.

சரி, மது தொமஸின் நூலில் இருந்தது. அடுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு இன்னும் நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1747ஆம் ஆண்டில் இலண்டனில் முதற்பதிப்புக் கண்ட சமையற் கலை நூல் ஒன்று, அந்த நூற்றாண்டின் இங்கிலாந்தில் மிக அதிகமாக விற்பனையான சமையல் நூலாயிற்று. அதை எழுதியவர் ஹன்னா கிளாஸ் அம்மையார். அதிலே 'நாடா ஜெலி' என்றொரு குறிப்பு இருக்கிறது. நான்கு கன்றுக்குட்டிக் கால்களை மான்கொம்புச் சீவல், ஐசிங்கிளாஸ், சாதிக்காய், சாதிபத்திரி ஆகியவற்றுடன் நீண்ட நேரம் கொதிக்கவைத்து, பத்துப் பங்கு நீரை இரண்டு பங்காக வற்றவைக்க வேண்டும். வடித்து ஒருநாள் முழுவதும் ஆறவைத்து, மேலே படியும் கொழுப்பைச் சுரண்டி அகற்ற வேண்டும். பின்னர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கொதிக்கவைத்து மீண்டும் வடித்தால்தான் கண்ணாடிபோன்ற தெளிவு கிடைக்கும். அதன்பிறகே நிறமூட்டல் தொடங்குகிறது. சிவப்புக்குக் கொச்சினீல் என்னும் பூச்சிச் சாயம், பச்சைக்குப் பசளிக்கீரைச் சாறு, மஞ்சளுக்குக் குங்குமப்பூ, நீலத்துக்கு வயலட் மலர்ப் பாகு, வெள்ளைக்குக் கெட்டியான பாலாடை. இவற்றை உயரமான சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் விரற்கடை அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்ற வேண்டும். கீழடுக்கு முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். மேலே ஊற்றுவது உடற்சூட்டை மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் இரண்டும் கலந்துவிடும் என்கிறார் அம்மையார்.

இன்றைக்கு ஜெலி ஷொட் தயாரிக்கும் எவரும் பின்பற்றும் விதி இதுவேதான். கிட்டத்தட்ட 280 ஆண்டுகளில் அதிலே மாறியது மிகச் சொற்பம். கீழடுக்கு முழுதும் இறுகி வழுக்கும் நிலைக்கு வரவிடாமல், விரலால் தொட்டால் சற்றே ஒட்டும் பதத்தில் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் நன்கு பற்றிக்கொள்ளும் என்பது இக்காலத்தவர் சேர்த்துக்கொண்ட நுணுக்கம். கிண்ணம், அடுக்கு, நிறம், வெப்பநிலை ஆகிய நான்கும் அந்த அம்மையாரின் பக்கத்திலேயே இருக்கின்றன. பின்னர் 1845ஆம் ஆண்டில் எலிசா அக்டன் என்னும் மற்றொரு பெண்மணி, குடைந்தெடுத்த தோடம்பழக் கோதுகளுக்குள் ஜெலியையும் வெண்ணிறப் பாற்கூழையும் மாறிமாறி ஊற்றிக் கோடு கோடாக நிரப்பும் முறையைத் தமது நூலில் எழுதினார். பழக்கோதுக்குள் ஜெலி ஷொட்டை உறையவைத்துத் துண்டுகளாக வெட்டிப் பரிமாறுவதைப் புதுமையென்று இன்று காட்டுகிறவர்கள் அக்டனின் நூலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கன்றின் காலைக் கொதிக்கவைத்த காலத்தில் ஜெலி செல்வர் வீட்டுப் பண்டமாக இருந்ததில் வியப்பில்லை. விறகும் வேலையாட்களும் நாள்கணக்கில் நேரமும் வேண்டும். வெயிற்காலமாயின் பனிக்கட்டியும் வேண்டும். அதே 1845ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் பசைத் தொழிற்சாலை நடத்திய பீட்டர் கூப்பர், தூளாக்கிய ஜெலட்டினுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் உருவான முதலாவது நீராவிப் புகையிரத எஞ்சின்களில் ஒன்றை 1830இல் ஓட்டிக்காட்டியவரும் இவரே. ஜெலியில் அவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. 1897இல் நியூயோர்க் மாநிலத்தின் லெரோய் என்னும் சிற்றூரில் இருமல் மருந்து தயாரித்துவந்த பேர்ள் வெயிற், ஜெலட்டின் தூளுடன் சீனியும் பழச்சுவையும் கலந்தார். அதற்கு 'ஜெல்-ஓ' என்று பெயர் சூட்டியவர் அவருடைய மனைவி மே. விற்கத் தெரியாத அவர்கள் 1899இல் அதன் உரிமையை வெறும் 450 டொலருக்கு ஊரவரான ஒரேட்டர் வூட்வேட்டிடம் கொடுத்துவிட்டார்கள். பின்னாளில் அந்தப் பெயர் அமெரிக்கச் சமையலறைகள் அனைத்திலும் புகுந்தது. ஒரே மாலையில் லெஹ்ரரால் பரிசோதனையை முடிக்க முடிந்தது அந்தப் பொதியின் புண்ணியத்தால்தான்.

ஜெலியின் அடுக்கும் கண்ணாடிக் குவளையில் நிற்கும் கொக்டெயிலின் அடுக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொமஸின் காலத்தில் 'பூஸ் கஃபே' என்ற அடுக்கு மது பெயர்பெற்றிருந்தது. சீனி மிகுந்த கனமான மது அடியிலும் இலேசானது மேலேயும் நிற்கும். அங்கே அடுக்கைக் காப்பது அடர்த்தி. கை நடுங்கினால் கலைந்துவிடும். ஜெலியிலோ அடுக்கைக் காப்பது குளிர். எனவே எந்த நிறத்தையும் எந்த இடத்திலும் நிறுத்தலாம். 'டெக்கீலா சன்ரைஸ்' என்னும் கொக்டெயிலில் மாதுளைப் பாகு தோடம்பழச் சாற்றின் அடியில் இறங்கிச் சூரியோதயம்போல் நிறம் காட்டுவது சில நிமிடங்களுக்குத்தான். ஜெலியில் அந்தக் காட்சி விருந்து முடியும்வரை நிற்கும். 2007ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கிய பொம்பஸ் அன்ட் பார் நிறுவனத்தினர் கட்டடங்களின் வடிவிலேயே ஜெலி வார்த்து, விக்டோரியா காலத்து அச்சுக்கலைக்கு மீண்டும் பெயர் தேடிக் கொடுத்தார்கள்.

இனி, தொமஸ் எச்சரித்த மறைப்பு விவகாரத்துக்கு வருவோம். 85 கிராம் பொதியொன்றுக்கு 240 மில்லிலீற்றர் கொதிநீரும் அதேயளவு குளிர்நீரும் தேவை. குளிர்நீரில் பாதியை நீக்கி, 40 சதவீத வொட்காவை 120 மில்லிலீற்றர் சேர்ப்பதாகக் கொள்வோம். கலவையில் மதுசாரம் 10 சதவீதம். 30 மில்லிலீற்றர் கிண்ணங்கள் 16 கிடைக்கும். அவற்றில் பத்தை உண்டால் உடலிற் சேர்வது 30 மில்லிலீற்றர் தூய மதுசாரம். பிரித்தானியக் கணக்கில் 3 அலகுகள். குளிர்நீரை முற்றாக நீக்கி வொட்காவையே ஊற்றினால் அது 6 அலகுகளாகிவிடும். அங்கே வயதுவந்த ஒருவருக்கு வாரமொன்றுக்கு இதனை மிஞ்ச வேண்டாம் என்று 2016 முதல் கூறப்படும் அளவே 14 அலகுகள்தான். இரண்டு கிண்ணங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குளிரும் இனிப்பும் சேர்ந்து நாவை ஏமாற்றிவிடும். குவளையில் அருந்துபவன் எத்தனை குவளை என்று எண்ணுவான். ஜெலியை விழுங்குபவன் எண்ணுவதில்லை. பளிச்சென்ற நிறங்களுடன் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இக்கிண்ணங்களைக் குழந்தைகள் தங்களுக்குரிய இனிப்பென்று எடுத்துவிடும் ஆபத்து அதனினும் பெரிது. விருந்தளிப்பவர் தனித்தட்டில், தனிப்பெட்டியில், எழுதி ஒட்டி வைப்பதே முறை.

எழுதி ஒட்ட வேண்டிய மற்றொன்றும் உண்டு. ஜெலட்டின் என்பது விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து வருவது. மரக்கறி உண்பவர்கள் பலருக்கு இது தெரியாது. நமது நாட்டு முஸ்லிம் மக்கள் நோன்புக் காலத்தில் செய்யும் கடற்பாசி இனிப்புக்கு அந்தக் கவலையில்லை. மதுவுக்கோ அங்கே இடமேயில்லை. கடற்பாசி ஏறத்தாழ 85 பாகை செல்சியசுக்கு மேலேதான் உருகும் என்பதால் நமது வெக்கையிலும் மேசைமேல் நிமிர்ந்து நிற்கும். 35 பாகைக்குள்ளேயே உருகிவிடும் ஜெலட்டின் நாவிற் கரைவதும் நமது விறாந்தையிற் கரைவதும் ஒரே காரணத்தால்தான். அன்னாசியைப் பச்சையாகச் சேர்த்தால் ஜெலட்டின் உறையவே உறையாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அப்பழத்திலுள்ள நொதியம் புரதத்தை அறுத்துவிடும்; அவித்துச் சேர்த்தால் குறையில்லை.

ஹன்னா கிளாஸ் அம்மையாருக்கு மீண்டும் வருகிறேன். அவரது நூலின் முகப்பில் பெயர் இல்லை. 'ஒரு சீமாட்டி' எழுதியது என்று மட்டுமே இருந்தது. நூல் விற்றது, ஆனால் அம்மையார் கடனில் மூழ்கினார். 1754இல் வங்குரோத்தாகி நூலின் பதிப்புரிமையையே விற்க நேர்ந்தது. 1757இல் கடனாளிகளுக்கான சிறைக்கும் சென்றார். 1770இல் மறைந்தார். எட்டாண்டுகளின் பின், பெயர்பெற்ற அகராதியாசிரியர் சாமுவெல் ஜோன்சன் கலந்துகொண்ட விருந்தொன்றில் இந்த நூல் பேச்சுக்கு வந்தது. அதை எழுதியவர் ஜோன் ஹில் என்னும் மருத்துவரே என்று அங்கிருந்த பதிப்பாளர் ஒருவர் சொன்னார். ஜோன்சன் அதில் ஐயம் கொண்டார். ஆனால் பெண்களுக்கு நூல் நூற்கத் தெரியும், நல்ல சமையல் நூல் எழுதத் தெரியாது என்ற கருத்தையும் அதே மேசையில் உதிர்த்தார். அவரது வரலாற்றை எழுதிய பொஸ்வெல் இதனைப் பதிவுசெய்திருக்கிறார். மருத்துவரே ஆசிரியர் என்ற பேச்சு அதன் பிறகும் நெடுங்காலம் ஓயவில்லை.

அம்மையார் பிறரது நூல்களிலிருந்து பல குறிப்புகளை எடுத்தாண்டவர் என்பதும் உண்மை. ஆகவே நாடா ஜெலிக்கும் அவர்தான் முதல்வர் என்று நான் எழுதப்போவதில்லை. அவருக்கு முன்னரும் எத்தனையோ சமையலறைகளில் எவரெவரோ அடுக்கு ஆறும்வரை காத்துநின்றிருப்பார்கள். அந்த நூலை எழுதியவர் ஹன்னா கிளாஸ்தான் என்பதை வரலாற்றாய்வாளர் மடலின் ஹோப் டொட்ஸ் 1938ஆம் ஆண்டில் ஆதாரங்களுடன் நிறுவினார். அப்போது அம்மையார் மறைந்து 168 ஆண்டுகள் ஆகியிருந்தன.