பாதிரியார் வீட்டு ஏட்டுக்கட்டு

காரைக்காலிலிருந்து வடக்கே கோட்டுச்சேரி, பூவம் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் புதுச்சேரி எல்லை முடிந்துவிடும். அடுத்தது பொறையாறு, அதை ஒட்டித் தரங்கம்பாடி. பிரெஞ்சுக்காரர் ஊரிலிருந்து டேனியர் ஊருக்கு ஒரு காலத்தில் இதுதான் வழி.

1706-ல் அங்கே வந்து இறங்கினார் சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியார். வயது 23. ஊர் வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டில் நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார்.

எழுத்துப் பிடிபட்டதும் ஏடு தேடினார். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படியெடுத்தார். வெளியூர்களுக்கும் ஆள் அனுப்பினார். பிராமண விதவைகளிடம் ஏட்டுக்கட்டுகள் சொற்ப விலைக்குக் கிடைத்தன என்று அவரே எழுதியிருக்கிறார். கணவரோடு படிப்பும் போய்விட்ட வீடுகள் அவை.

1708-ல் எல்லாவற்றையும் பட்டியலிட்டார். ‘பிப்ளியோதேகா மலபாரிகா’ என்ற அந்தப் பட்டியலில் தமிழர் படித்த நூல்களுக்கான பகுதியில் மட்டும் 119 பெயர்கள். எந்த நூல் எதைப் பற்றியது என்ற குறிப்பும் உண்டு. திருக்குறள் இருக்கிறது, சிவவாக்கியமும் இருக்கிறது. திருக்குறள் அச்சேற இன்னும் 104 ஆண்டு, உ.வே.சா. பிறக்க 147 ஆண்டு.

சில ஆண்டுகளில் தரங்கம்பாடிக்கு அச்சுக்கூடம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், காகித ஆலையும் வைத்தார்கள். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சானது. பட்டியலிலிருந்த திருக்குறளுக்கு அந்த அச்சில் இடமில்லை.

படித்ததையெல்லாம் திரட்டி, தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அவருடைய புரவலர் ஃபிராங்கே அதை அச்சிட மறுத்தார். பாதிரிகளை அனுப்பியது அந்த வழிபாட்டை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். 1719-ல் சீகன்பால்க் இறந்தார். நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. அவர் சேர்த்த ஏடுகளில் பெரும்பாலானவை சிதறிப் போயின. பட்டியல் மட்டும் தப்பியது.

சீகன்பால்க் குடியிருந்த தரங்கம்பாடி வீடு 2017-ல் அருங்காட்சியகமானது. அதன் கருப்பொருள், பண்பாடுகளுக்கிடையே உரையாடல். வீட்டைப் பழுதுபார்த்துத் திறந்தது வேறு யாருமல்ல, அதே ஃபிராங்கே ஹாலேயில் தொடங்கிய அறக்கட்டளைதான். மறுத்த இடமே முந்நூறு ஆண்டு கழித்து, மறுக்கப்பட்டவரின் வீட்டைத் தேடி வந்திருக்கிறது.

அடுத்த வாரம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் திரும்புவோம்: 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கதை.

(தொடரும்)