ஜெயிச்ச கேஸும் புதுப் பசங்களும்

2020 ஜூலைன்னதும் நம்ம மக்களுக்கு அந்த கேஸ்தான் ஞாபகம் வரும். கொரோனாவால முழுக்க ஆன்லைன்ல படிக்கிற வெளிநாட்டு மாணவர்கள் அமெரிக்காவில் இருக்கக்கூடாதுன்னு 6-ஆம் தேதி குடிவரவுத் துறை சொன்னது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 8-ஆம் தேதி கோர்ட்டுக்குப் போக, 14-ஆம் தேதி அரசு பின்வாங்கிடுச்சு. சூப்பர்!

என்னைக் கேட்டா, ஜெயிச்சது ஏற்கெனவே சேர்ந்திருந்தவங்க மட்டும்தான். பத்தே நாள்ல, 24-ஆம் தேதி, இன்னொரு அறிவிப்பு: புதுசா சேர்றவங்க, வகுப்பு முழுக்க ஆன்லைன்னா உள்ளே வர முடியாது. (விசா நேர்காணலே மார்ச்சிலிருந்து நின்னு கிடந்தது, அது தனிக்கூத்து.) கேஸ் போட்ட ஹார்வர்டே தன்னோட முதலாண்டு வெளிநாட்டுப் பிள்ளைகளை வரவேண்டாம்னு சொல்ல வேண்டியதாச்சு.

அட்மிஷன் கையில இருந்தும் நம்மூர்ப் பசங்க வீட்லயே லாகின் பண்ணாங்க. பாஸ்டன்ல மதியம் 3 மணி வகுப்புன்னா இங்கே ராத்திரி 12.30!