பொறியியல் வகுப்பறையில் மூன்று மொழிகள்

நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969இல் ஈப்போவில் தொடங்கப்பெற்றது. ஈப்போவிலிருந்து லூமுட் செல்லும் வழியில், ஸ்ரீ இஸ்கண்டாரில், பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1997இல் தோன்றியது. ஆகவே பேராக் மாநிலத்துக்குப் பொறியியல் கல்வி புதிதன்று. புதிதாக வந்தது கற்பிக்கும் முறையே.

2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு நாடாயிற்று. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. ஆசிரியர் எதைக் கற்பித்தார் என்பதைவிட, மாணவர் எதைச் செய்ய வல்லவர் என்பதே அதன் அளவுகோல். கணக்கைத் தீர்ப்பது மட்டும் போதாது. குழுவாக வடிவமைக்கவும், தம் முடிவைப் பிறர்க்கு விளக்கவும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். விளக்குதல் மொழியின் செயல் ஆதலின், இது மொழியியலாரும் கருதத்தக்க பொருளாகிறது.

லூமுட் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளியிலிருந்து பொறியியலுக்குச் செல்லும் மாணவர் ஆறாண்டுகள் தமிழிலும், இடைநிலைப்பள்ளியில் பெரிதும் மலாயிலும், பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பயில்கிறார். பேச்சுத் தமிழில் 'சக்தி' என்னும் ஒரு சொல்லே பலவற்றுக்கும் போதுமானது. இயற்பியலிலோ விசை, ஆற்றல், திறன் என மூன்றும் வேறு வேறு. மலாயில் அவை முறையே டாயா, தெனாகா, குவாசா. ஆங்கிலத்தில் ஃபோர்ஸ், எனர்ஜி, பவர். துறைமுகப் பாரந்தூக்கி ஒரே சுமையை ஒரே உயரத்துக்கு ஒரு நிமிடத்தில் தூக்கினும் ஐந்து நிமிடத்தில் தூக்கினும், சுமை பெறும் ஆற்றல் ஒன்றே. வேண்டப்படும் திறனோ ஐந்து மடங்கு வேறுபடும். ஒன்பது சொற்களை மனனம் செய்தவருக்கு இவ்வேறுபாடு விளங்கிவிடுவதில்லை.

தமிழுக்கு இத்தகைய பணி பழகியதே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னாளில் பயிற்றுமொழியைத் தமிழாக்கி, மாணவர் துணையுடன் நூல்களையும் கலைச்சொற்களையும் ஆக்கினார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது.

இங்கே நாம் தமிழ்வழிப் பட்டப்படிப்பைக் கோரவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியரால் இன்றே இயலும் ஒன்றைக் கூறுகிறோம். விசை, ஆற்றல் முதலிய கருத்துகளை மாணவர் தம் சொந்தத் தமிழில், ஓர் எடுத்துக்காட்டுடன், வகுப்பில் எழுந்து விளக்கட்டும். தமிழில் தெளிந்த கருத்துக்கு மலாயும் ஆங்கிலமும் பெயர் மாற்றமாகவே அமையும். தெளியாத கருத்தோ மூன்று மொழிகளிலும் வெறும் ஒலியாகவே நிற்கும்.