கடம்பும் மருதும்

எந்த மரத்தை எங்கே நடுவது என்னும் வினாவுக்கு மதுரையின் பழம்பெயர்களிலேயே விடை உண்டு. கடம்பவனத்தைத் திருத்திக் குலசேகர பாண்டியன் நகரமைத்தான் என்கிறது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். காடு நகரான பின்னும் கடம்பு மீனாட்சியம்மன் கோயிலின் தலமரமாக நிலைத்தது. வையைக் கரைக்கோ மருது. பரிபாடல் போற்றும் திருமருத முன்துறை அம்மரத்தால் பெயர் பெற்றது. ஆற்று ஈரத்தில் செழித்து வேரால் கரைமண்ணைப் பிணைப்பது நீர்மருது. அவ்விடத்துக்கு அதுவே பொருத்தம்.

மருதைப் போலக் கடம்பை எளிதில் இடமறிந்து நட்டுவிட இயலாது. அப்பெயரில் மரங்கள் பல. பெரிய உருண்டைப் பூக்களையுடைய வெள்ளைக் கடம்பு மழையும் ஈரமும் மிகுதியாக வேண்டுவது. சிறிய உருண்டைப் பூக்களையுடைய நீர்க்கடம்பு வறண்ட சமவெளிக் காடுகளிலும் வளர்வது. சரஞ்சரமாய்ச் செம்பூக்களைத் தொங்கவிடும் செங்கடம்பு குளக்கரைக்குரியது. தலமரம் என்ற பெயரை மட்டும் கேட்டு, வெயில் காயும் சாலையோரத்தில் ஏதோ ஒரு கடம்பை நட்டால் மரமும் பிழைக்காது, மரபும் பிழைக்காது.

நிலத்தை முதற்பொருளாகவும் மரத்தைக் கருப்பொருளாகவும் வகுத்தது தொல்காப்பியம். முதலில் நிலம், பிறகே மரம். நாம் அமைக்கும் பூங்காக்களும் அவ்வரிசையிலேயே தொடங்க வேண்டும்.