கரண்ட் குறையும்போது சிப் என்ன செய்கிறது?

வன்னியில் கரண்ட் போவது எவருக்கும் புதினமில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மோதியதாகச் சொல்லி நாடு முழுவதும் போனது. ஆனால் சிறிய மின்னணுக் கருவிகளைக் கெடுப்பது பெரும்பாலும் போகிற கரண்ட் அல்ல, குறைகிற கரண்ட். பொழுதுபட்டதும் ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்திலுள்ள வீடுகளில் குமிழ் மங்கும், மின்விசிறி தளரும். அந்த நேரத்தில்தான் கருவிக்குள் இருக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் தடுமாறும்.

வவுனியாவில் முட்டை அடைகாக்கும் பொறிகளைப் பற்றி விசாரித்தபோது நான் திரும்பத் திரும்பக் கேட்ட முறைப்பாடு இது. காலையில் பார்த்தால் பொறி 'நின்றுபோய்' இருக்கும், ஆனால் ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கோழி முட்டைக்கு 21 நாளும் 37.5 பாகை செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். கொஞ்ச நேரம் ஆறினால் கரு பெரும்பாலும் தாங்கும், மிஞ்சிச் சுட்டால் தாங்காது. ஊர்க்கோழிக் குஞ்சு விற்று வீடு நடத்தும் ஒரு தாய்க்கு அது மூன்று கிழமை உழைப்பு.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மிதி குறைந்தால் கசற்றில் பாட்டு இழுபடும், பிறகு நிற்கும். பிழைப்பது காதுக்குத் தெரியும். மைக்ரோகொன்ட்ரோலர் அப்படி இழுபடாது. மின்னழுத்தம் போதாதபோது கட்டளைகளைப் பிழையாக வாசித்து, பிழையாகவே தொடர்ந்து ஓடும். நினைவகத்தில் எழுதி வைத்த வெப்பநிலை அளவையே மாற்றி எழுதிவிடக்கூடும்.

அதைத் தடுக்கும் வேலைதான் மின்னழுத்தக் கண்காணிப்பு. குறிப்பிட்ட ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் சிப்பை ரீசெற்றில் பிடித்து வைத்து, மின்னழுத்தம் திரும்பி வந்து சற்று நேரம் நிலைத்த பிறகே விடுவிக்கும். அந்த அளவை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. நான் படித்தது ஊடகக் கற்கை. ஆனாலும் இதற்குப் பெருக்கல் கழித்தலுக்கு மேல் கணக்கு வேண்டாம்.

பலரும் பாவிக்கும் ஆர்டுயினோ யூனோவில் இருப்பது ஏரிமெகா 328பி சிப். அது ஓடுவது 16 மெகாஹேர்ட்ஸில். தயாரிப்பாளரின் தரவுத்தாளின்படி 10 மெகாஹேர்ட்ஸுக்கு 2.7 வோல்ற்றும், 20 மெகாஹேர்ட்ஸுக்கு 4.5 வோல்ற்றும் குறைந்தபட்சம் வேண்டும். இடைப்பட்ட 16க்கு 3.78 வோல்ற் என்று வரும். ஆனால் யூனோவில் காவல் அளவு 2.7 வோல்ற்றிலேயே வைக்கப்பட்டு வருகிறது. அதாவது 3.78க்கும் 2.7க்கும் இடையில் காவலும் இல்லை, உத்தரவாதமும் இல்லை.

அந்த இடைவெளிக்குள் நம் வீட்டு மின்சாரம் வந்து விழுமா? விழும். மலிவுப் பெட்டிகளில் 6 வோல்ற் ட்ரான்ஸ்போமரும் 7805 ரெகுலேற்றரும் இருக்கும். 230 வோல்ற் வரும்போது டயோட்டுகளைத் தாண்டி உச்சத்தில் சுமார் 7.1 வோல்ற் கிடைக்கும். 7805க்கு அதுவே மட்டுமட்டு. 180க்கு இறங்கினால் 5.2 ஆகும். 7805 தனக்கென்று ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ள, சிப்புக்கு மிஞ்சுவது மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையில். பொறி பொழுதுபட்டால் பைத்தியமாவதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

காவல் அளவு, சிப்புக்குத் தேவையான குறைந்த அளவுக்கு மேலேயும், வழங்கி சாதாரணமாகத் தரும் குறைந்த அளவுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கருவியின் வழுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதே சிப்பில் 4.3 வோல்ற் என்ற தெரிவும் உண்டு. நிசத்தில் அது 4.1க்கும் 4.5க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். கீழ் எல்லை 3.78க்கு மேலே, மேல் எல்லை, ஒழுங்காக வேலை செய்யும் 7805 தரும் ஆகக் குறைந்த 4.8க்குக் கீழே. ஆகவே பொருந்தும். மாற்றுவதற்கு எக்ஸ்ரென்டட் ஃபியூஸ் எண்ணை எஃப்டியிலிருந்து எஃப்சி ஆக்கினால் போதும். சாதாரணமாக யுஎஸ்பி வழியே ஏற்றும் நிரல் இதைத் தொடாது. இன்னொரு ஆர்டுயினோவைப் புரோகிராமராக இணைத்தே எழுத வேண்டும்.

தனிக் கண்காணிப்புச் சிப் வாங்குபவர்கள் எழுத்தைக் கவனித்து வாங்குங்கள். மக்ஸ் 809 வகையில் எல் என்பது 4.63 வோல்ற், எம் என்பது 4.38. கூடியது நல்லது என்று எல்லை எடுத்து, மெல்லிய வயருள்ள ஃபோன் சார்ஜரில் கொழுவினால், றிலே இழுக்கும் கணத்தில் 4.6க்குச் சரியும். ரீசெற் ஆகும், றிலே விடும், மின்னழுத்தம் ஏறும், மறுபடி தொடங்கி மறுபடி இழுக்கும். விடிய விடிய டிக் டிக் என்று கேட்கும். இந்தச் சிப், மின்னழுத்தம் மீண்ட பிறகும் குறைந்தது 140 மில்லிசெக்கன் பிடித்து வைக்கும். அதனால் டிக் டிக் ஆறுதலாகுமே தவிர நிற்காது. தடித்த வயரும், றிலேக்கு அருகில் ஒரு பெரிய கொள்ளளவியும்தான் மருந்து.

காவல் அளவு மின்சாரத்தை உண்டாக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 6 வோல்ற் பெட்டியில் 4.3 வைத்தால் பொழுதுபட்ட நேரம் முழுக்கப் பொறி ரீசெற்றில் கிடக்கும், முட்டை ஆறும். நல்ல ஃபோன் சார்ஜர் ஒன்றை மாற்றிப் போடுவது மேல். பொதுவாக அது 100 வோல்ற் வரையும் 5 வோல்ற்றை விடாமல் தரும். இன்னொரு வழி, சிப்பை 8 மெகாஹேர்ட்ஸில் ஓட்டுவது. அப்போது 2.4 வோல்ற்றே போதும், பழைய 2.7 காவலும் சரியாகிவிடும். அடைகாக்கும் பொறிக்கு அந்த வேகமே தாராளம்.

ரீசெற்றில் இருக்கும் சிப்பின் கால்கள் எதையும் பிடித்து வைக்காது என்பதால், றிலேயை இயக்கும் ட்ரான்சிஸ்ரரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் தடை ஒன்று கட்டாயம். அது இருந்தால் ரீசெற்றின்போது ஹீட்டர் தானாக அணையும். முட்டை வைப்பதற்கு முன், அளவு மாற்றக்கூடிய மின்வழங்கியில் 5 வோல்ற்றிலிருந்து மெல்ல மெல்ல இறக்கிப் பாருங்கள். 4.3 வைத்த பொறியில் 4.1க்கு வருமுன் றிலே விட்டிருக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது திரையில் நீங்கள் வைத்த அதே வெப்பநிலை வர வேண்டும். பத்துத் தடவையாவது செய்யுங்கள்.