ஜப்பான் – ஐரோப்பிய ஒன்றிய உறவுகள்

ஜப்பான் – ஐரோப்பிய ஒன்றிய உறவுகள் என்பது ஜப்பானுக்கும், 27 உறுப்பு நாடுகளைக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான அரசியல், வணிக, அறிவியல், பாதுகாப்புத் தொடர்புகளைக் குறிக்கும். 1950களின் இறுதியில் தொடங்கிய இத்தொடர்பு நெடுங்காலம் வணிகப் பிணக்குகள் நிறைந்ததாகவே இருந்தது. 2016 இற்குப் பின்னர் உலக அரசியலில் ஏற்பட்ட நிலையின்மையே இரு தரப்பையும் விரைந்து நெருங்கச் செய்தது எனலாம்.

வணிகப் பிணக்குகளின் காலம்

1959 இல் பெல்ஜியத்துக்கான ஜப்பானியத் தூதரே அன்றைய ஐரோப்பியச் சமூகங்களுக்கான முதற் பிரதிநிதியாகவும் ஏற்கப்பட்டார். ஐரோப்பிய ஆணையத்தின் டோக்கியோ அலுவலகம் 1974 இல் திறக்கப்பட்டது. 1970களிலும் 1980களிலும் ஜப்பானிய மின்னணுப் பொருட்களும் வாகனங்களும் ஐரோப்பியச் சந்தையில் பெருமளவில் விற்பனையாகத் தொடங்கியபோது பிணக்குகள் முற்றின. இவற்றுள் புவாத்தியே நிகழ்வு பெயர்பெற்றது. இறக்குமதியாகும் வீடியோ பதிவுக் கருவிகள் யாவும் உள்நாட்டு நகரமான புவாத்தியேயின் சிறிய சுங்க அலுவலகம் வழியாகவே வரவேண்டும் என 1982 அக்டோபரில் பிரான்ஸ் ஆணையிட்டது. அங்கே மிகச் சில அலுவலர்களே பணியாற்றியதால் கருவிகள் மலைபோல் தேங்கின. 732 இல் அராபியப் படையெடுப்பு தடுத்து நிறுத்தப்பட்டதாகக் கூறப்படும் போரும் இந்நகரின் பெயராலேயே அறியப்படுகிறது என்பதைப் பத்திரிகைகள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. இந்த ஆணை அடுத்த ஆண்டு விலக்கிக்கொள்ளப்பட்டது.

பனிப்போர் முடிவுற்ற வேளையில், 1991 சூலை 18 அன்று ஹேக் நகரில் கூட்டறிக்கை ஒன்று வெளியிடப்பட்டது. ஆண்டுதோறும் உச்சி மாநாடு நடத்தும் வழக்கம் இதிலிருந்து தோன்றியது. எனினும் அதே ஆண்டில், ஜப்பானிய மகிழுந்துகளின் ஏற்றுமதியை 1999 இறுதி வரை கட்டுப்படுத்தும் உடன்பாடும் செய்யப்பட்டது. நட்பும் ஐயமும் அக்காலத்தில் ஒருங்கே நிலவின.

பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம்

பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்துக்கான பேச்சுக்கள் 2013 இல் தொடங்கின. முதல் மூன்றாண்டுகளும் மெதுவாகவே நகர்ந்தன. 2017 சனவரியில் ஐக்கிய அமெரிக்கா பசிபிக் கடந்த கூட்டு உடன்படிக்கையிலிருந்து விலகியதும் நிலைமை மாறியது. ஹாம்பர்க் நகரில் ஜி-20 மாநாடு தொடங்குவதற்கு முதல் நாளான 2017 சூலை 6 அன்று கொள்கை அளவிலான உடன்பாடு அறிவிக்கப்பட்டது. அந்த நாள் தற்செயலாகத் தெரிவு செய்யப்பட்டதாகத் தோன்றவில்லை.

பிரசெல்சில் கையொப்பமிடுவதாகவே முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. 2018 சூலையில் மேற்கு ஜப்பானில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் தலைமை அமைச்சர் ஷின்சோ அபே தமது பயணத்தைக் கைவிட்டார். எனவே ஐரோப்பியத் தலைவர்களான டொனால்ட் டஸ்க், ஜான்-குளோட் யுங்கர் ஆகிய இருவரும் டோக்கியோ சென்று சூலை 17 அன்று கையொப்பமிட்டனர். ஒப்பந்தம் 2019 பெப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஐரோப்பிய ஒன்றியம் ஜப்பானிய மகிழுந்துகள் மீதான 10% சுங்க வரியைப் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டது. ஜப்பான் ஐரோப்பியத் திராட்சை மதுவின் மீதான வரியை உடனடியாகவும், கடினவகைப் பாலாடைக்கட்டிகள் மீதான 29.8% வரியைப் பதினைந்து ஆண்டுகளிலும் நீக்க இசைந்தது. அரிசி விலக்கி வைக்கப்பட்டது. ஜப்பானிய அரசியலில் நெல் உழவரின் செல்வாக்கை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது.

அறிவியல்

பன்னாட்டு அணுக்கரு இணைவு உலையை எங்கு அமைப்பது என்பதில் பிரான்சின் கதராசும் ஜப்பானின் ரொக்காஷோவும் போட்டியிட்டன. 2005 சூனில் ஜப்பான் விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக முதல் தலைமை இயக்குநர் பதவியும், ஜப்பானிலேயே கூட்டு ஆய்வுகளும் கிடைத்தன. அவ்வாய்வுகளின் பகுதியாக இபராக்கி மாநிலத்தின் நக்கா நகரில் கட்டப்பட்ட இணைவுக் கருவி 2023 அக்டோபரில் முதன்முறையாக இயங்கியது.

பாதுகாப்பு

பொருளாதார ஒப்பந்தத்துடன் ஒரே நாளில் கையொப்பமான வியூகக் கூட்டு ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் ஏற்பளிக்க வேண்டியிருந்தமையால் 2025 சனவரி 1 அன்றே முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குள் உலகச் சூழல் பெரிதும் மாறிவிட்டது.

உருசியா உக்ரைன் மீது படையெடுப்பதற்கு முன்பே, 2022 பெப்ரவரியில், நீர்ம இயற்கை எரிவாயுவின் ஒரு பகுதியை ஐரோப்பாவுக்குத் திருப்பிவிட ஜப்பான் முன்வந்தது. எரிபொருள் முழுவதையும் ஏறத்தாழ இறக்குமதி செய்யும் ஒரு நாடு, குளிர்காலத்தில் இவ்வாறு செய்தது குறிப்பிடத்தக்கது. பின்னர் உருசியா மீதான தடைகளிலும் அது இணைந்தது. ஆயினும் சக்கலின்-2 எரிவாயுத் திட்டத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் தமது பங்கைக் கைவிடவில்லை. ஐரோப்பாவும் உருசிய நீர்ம எரிவாயுவை வாங்குவதை உடனே நிறுத்தவில்லை. அதே ஆண்டு சூனில், நேட்டோ உச்சி மாநாட்டில் பங்கேற்ற முதல் ஜப்பானியத் தலைமை அமைச்சரானார் ஃபுமியோ கிஷிடா.

2024 நவம்பர் 1 அன்று டோக்கியோவில் பாதுகாப்புக் கூட்டாண்மை ஒன்று அறிவிக்கப்பட்டது. இது கடற்பாதுகாப்பு, இணையவெளி, பொய்த்தகவல் எதிர்ப்பு முதலியவற்றை உள்ளடக்கியது. தாக்கப்பட்டால் ஒருவருக்காக மற்றவர் போரிடும் கடப்பாடு இதில் இல்லை. இரு தரப்பினரின் பாதுகாப்பும் பெரும்பாலும் அமெரிக்கப் படைவலிமையையே சார்ந்துள்ளது. 2025 சூலை 23 அன்று டோக்கியோவில் 30ஆவது உச்சி மாநாடு கூடியபோது, அமெரிக்கா ஜப்பானியப் பொருட்களுக்கு 15% வரி விதிக்கும் உடன்பாடு அறிவிக்கப்பட்டு ஒரு நாளே ஆகியிருந்தது. நான்கு நாட்களில் ஐரோப்பிய ஒன்றியமும் அதே 15% அளவை ஏற்றுக்கொண்டது.

கருத்து வேறுபாடுகள்

மரண தண்டனையை ஐரோப்பிய ஒன்றியம் கடுமையாக எதிர்க்கிறது. 2018 சூலை 6 அன்று ஓம் சின்றிக்கியோ இயக்கத்தினர் எழுவர் தூக்கிலிடப்பட்டபோது அது வெளிப்படையாகக் கண்டனம் தெரிவித்தது. பதினொரு நாட்களின் பின்னரே மேற்கூறிய ஒப்பந்தங்கள் கையொப்பமாயின. மணமுறிவுக்குப் பின் குழந்தைகளைப் பெற்றோருள் ஒருவர் சந்திக்க இயலாமல் போவது குறித்து 2020 சூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 மே மாதத்தில் ஜப்பான் தனது குடிமையியல் சட்டத்தைத் திருத்தி, இருவரும் இணைந்து குழந்தையின் பொறுப்பை ஏற்க வழிசெய்தது.