நியமித்த நாற்காலியும் நம்முடைய சங்கமும்



2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் இரண்டு திருத்த மசோதாக்கள் வந்தன. ஒன்று நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு, மற்றொன்று ஊராட்சிகளுக்கு. மாநிலத்தின் ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்திலும் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக இடம்பெற இவை வழிசெய்தன. எண்ணிக்கையில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் 95 ஊராட்சிகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் பல ஆண்டு தெருவில் நின்று கேட்டதில் ஒரு பகுதி இது. அந்த வெற்றியைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் நியமனம் என்ற சொல்லோடு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நூறாண்டுப் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்திலிருந்து கற்றதை இந்த நினைவுச் சொற்பொழிவில் உங்கள் முன் வைக்கிறோம்.

வடசேரி அன்று திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆகவே திருவிதாங்கூர் வரலாறு நமக்கு அயல் வரலாறு அல்ல. அந்த சமஸ்தானத்தில் ஸ்ரீமூலம் பிரஜா சபை என்றொரு அவை இருந்தது. புலையர் மக்களின் குறைகளை அங்கே சொல்ல முதலில் அமர்த்தப்பட்டவர் புலையர் அல்லர், 'சுபாஷிணி' இதழின் ஆசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளை. அவர் நல்லெண்ணத்தோடு பேசினார். பேசியதோடு நிற்காமல், அந்த மக்களுக்காக அவர்களில் ஒருவரே வர வேண்டும் என்றும் கேட்டார். 1911 டிசம்பரில் அய்யன்காளி நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் அந்த அவையில் இருந்தார். நிலம் கேட்டார், பள்ளி கேட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அய்யன்காளிக்கு எழுத்தறிவு இல்லை. "இவர்களுக்குப் பேசத் தெரியாது, நாம்தான் பேச வேண்டும்" என்று சொல்ல அன்றைய மேல்தட்டுக்கு இதைவிட வசதியான காரணம் வேண்டியதில்லை. பேசத் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்தான் அவையில் பேசினார். இரண்டாவது, அவர் வெறுங்கையோடு அங்கே போகவில்லை. 1893இல் தடைசெய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டியவர் அவர். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைக் கட்டினார். நாற்காலி வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே சங்கம் வந்துவிட்டது. மூன்றாவது, பிறருக்காகப் பேசப் போனவர் தம் இடத்தை உரியவருக்குக் கேட்டார். துணைநிற்பவர் எந்த இடத்தில் விலக வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். இரட்டைமலை சீனிவாசன் 1923இல் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் பொது இடங்களும் எல்லோருக்கும் உரியவை என்றது. நியமன உறுப்பினர் ஒருவர் இவ்வளவு செய்ய முடிந்தது, ஏனென்றால் அவருக்குப் பின்னால் அமைப்பு வேலையும் 'பறையன்' இதழும் இருந்தன. அத்தனை செய்தவரும் நியமனமே போதும் என்று இருந்துவிடவில்லை. 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசைக்குப் போய், தம் மக்களின் பிரதிநிதியைத் தம் மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்டார். நியமிக்கப்பட்டவர் நியமித்தவரின் முகம் பார்ப்பார், தேர்ந்தெடுக்கப்பட்டவர் மக்களின் முகம் பார்ப்பார் என்பதை அவர் அவைக்குள் இருந்தே அறிந்திருந்தார்.

சாலை என்ற சொல்லில் சற்று நிற்போம். வடசேரியிலிருந்து சில கிலோமீட்டரில் சுசீந்திரம். 1926இல் டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில் அங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைதான் கோரிக்கை. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகே சமஸ்தானத்தில் அந்தத் தடைகள் சட்டப்படி அகன்றன. தெரு எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு வடசேரி பேருந்து நிலையத்தில் பேருந்தின் உயர்ந்த படி இன்னும் மூடிய தெருதான். அன்று தடுத்தது பலகையும் தடியும். இன்று தடுப்பது படிக்கட்டு. "வேண்டுமென்று செய்யவில்லை" என்ற சமாதானம் வெளியே நிற்பவரை உள்ளே கொண்டுவராது. அதனால்தான் சாய்தளம் கேட்பதைச் சலுகை கேட்பதாக நாம் கருதவில்லை. அது வழிநடை உரிமையின் தொடர்ச்சி.

இரண்டு வரலாறுகளும் கணக்கெடுப்பிலும் ஒன்றாகவே நடந்தன. பிரிட்டிஷ் ஆட்சியின் மக்கள்தொகைக் கணக்கில் சாதியும் உண்டு, உடற்குறையும் உண்டு. பார்வையற்றோர், காதுகேளாதோர், மனநோயாளர், தொழுநோயாளர் என்று தனிப் பட்டியல் இருந்தது. 1931தான் இரண்டையும் முழுமையாக எண்ணிய கடைசிக் கணக்கு. அதன்பின் மாற்றுத்திறனாளிகள் 1981இல் ஒருமுறை எண்ணப்பட்டு 1991இல் மீண்டும் விடுபட்டார்கள். ஜாவெத் அபிதி முதலானோர் போராடிய பிறகே 2001இல் அந்தக் கேள்வி திரும்பியது. எண்ணப்படாதவருக்கு நிதி ஒதுக்க எந்த அரசும் முன்வராது.

2011 கணக்கு என்ன சொல்கிறது? இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். நாட்டு மக்கள்தொகையில் இவர்கள் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினருக்குள் மட்டும் பார்த்தால் 2.45 விழுக்காடு. வேறுபாடு சிறிது போலத் தெரியலாம். கோடிக்கணக்கான மக்களில் அது லட்சக்கணக்கான உடல்கள். கல்குவாரியிலும் சாக்கடையிலும் யார் இறங்குகிறார்கள், பிரசவத்துக்கு மருத்துவமனை யாருக்கு எட்டவில்லை, வன்முறையில் யாருடைய கைகால் வெட்டுப்படுகிறது என்று கேட்டால் அந்த எண்ணைப் புரிந்துகொள்ள வழி கிடைக்கும்.

ஒருவருக்காக வேறொருவர் முடிவெடுப்பதன் கடைசி எல்லை எது என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டது குடும்பம். கட்டியது காப்பகம். கண்காணிக்க வேண்டியது அரசு. மூவருமே அவர்களின் நன்மைக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். உள்ளே இருந்தவரிடம் "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டு அதை வெளியே வந்து சொல்ல, இந்த மூவரையும் சாராத ஒருவர் அங்கே இல்லை.

அந்த ஒருவரைத்தான் உலகின் மாற்றுத்திறனாளர் இயக்கங்கள் சார்பற்ற துணைக்குரல் என்கின்றன. சோறு போடுபவரே சாட்சியாகவும் இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, துணைக்கு ஆளில்லாதவரின் சிகிச்சை, இருப்பிடம் போன்ற பெரிய முடிவுகளில் இத்தகைய ஒருவரை அமர்த்தச் சொல்கிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் பிரதிநிதியைத் தானே பெயர்குறிக்கும் உரிமையை நோயாளிக்குத் தந்தது. சங்கிலியிடுவதையும் அதே சட்டம் தடைசெய்தது. ஏர்வாடிக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே பதினாறு ஆண்டுகள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நம் மாணவர்கள் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு தருகிறது. 92ஆம் பிரிவைப் படித்தால் நமக்கு அது பழகிய குரலாகக் கேட்கும். பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம் என்ற அந்த வாசகம் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வாசகத்தை அப்படியே ஒத்தது. நம் மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற சொற்கள் இன்னொரு ஒடுக்கப்பட்ட பிரிவுக்கும் கேடயமாகியிருக்கின்றன. ஆனால் 1989 சட்டத்தில் முன்ஜாமீனைத் தடுக்கும் 18ஆம் பிரிவு உண்டு. 2016 சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

இரண்டு ஒடுக்குமுறையும் ஓர் உடலில் சேரும்போது சட்டம் தடுமாறுகிறது. 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் பட்டான் ஜமால் வலி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர் ஆந்திரத்தைச் சேர்ந்த பட்டியல் சாதிப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர். பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனையை நீதிமன்றம் உறுதிசெய்தது. மாற்றுத்திறனாளியின் சாட்சியம் மற்றவர் சாட்சியத்துக்குத் தாழ்ந்ததல்ல என்றது. சாதி, பாலினம், குறைபாடு மூன்றும் பின்னிக்கிடப்பதை விரிவாக எழுதியது. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்று தனியே மெய்ப்பிக்கப்படவில்லை என்பது காரணம். சாதி தெரிந்து செய்தாலே போதும் என்ற 2016 திருத்தத்துக்கு முன் நடந்த குற்றம் அது. பின்னிக்கிடக்கிறது என்று ஏற்ற நீதிமன்றத்துக்கே பிரித்துக் காட்டச் சொல்லும் சட்டம் கையில் இருந்தது.

ஆகவே இரண்டு இயக்கங்களும் ஒன்றையொன்று தேட வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னுதாரணம் உண்டு. 1977 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலகம் ஒன்றில் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் வெளியேற மறுத்தார்கள். நான்கு ஆண்டாகக் கையெழுத்தாகாமல் கிடந்த சமவுரிமை விதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த நாட்களில் அவர்களுக்குச் சுடச்சுட உணவு கொண்டுவந்தது கருஞ்சிறுத்தைகள் கட்சி. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். சிறுத்தைகள் அங்கே தலைமை கேட்கவில்லை. சோறு கொடுத்தார்கள், முடிவெடுப்பதை உரியவர்களிடம் விட்டார்கள்.

நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. புதிய மன்றங்களில் இந்த நாற்காலிகள் போடப்படும். நாற்காலி மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே நாம் மூன்றைக் கேட்கிறோம். நியமனப் பட்டியலைத் தயாரிக்கும்போது மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் கருத்தை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலில் பட்டியல் சாதி, பழங்குடி மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் எத்தனை பேர் என்று அரசு வெளியிட வேண்டும். நியமனம் தேர்தல் வழி ஒதுக்கீடாக மாற வேண்டும்.

நம் மன்றங்களுக்கும் வேலை இருக்கிறது. சேரியில் கூட்டம் போடுவோர் தரைத்தளத்தில் போடட்டும். சைகைமொழி தெரிந்த ஒருவர் மேடையோரம் நிற்கட்டும். சட்டம் படிக்கும் மாணவர்கள் 2016 சட்டத்தின் புகார் மனுவை எழுதப் பழகட்டும். நியமிக்கப்படும் உறுப்பினர் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் தம் ஊரின் மாற்றுத்திறனாளிகளிடம் வந்து என்ன பேசினேன் என்று சொல்லட்டும், அடுத்த கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போகட்டும். அப்படிச் சொல்லவும் கேட்கவும் ஒரு சங்கம் 95 ஊராட்சிகளிலும் வேண்டும். அய்யன்காளிக்கு நாற்காலிக்கு முன்பே சங்கம் இருந்தது. நமக்கு இருவேலையும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. தொடங்குவோம்.